விண்வெளிப் போர் கேம்: ரசிகர்களின் கையில் வளர்வது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பெரும்பாலோர் முதலில் திறந்து பார்ப்பது கேம்களைத்தான். சுட்டுத் தள்ளுகிறோம், ஜெயிக்கிறோம், அலுத்ததும் மூடிவிடுகிறோம். அந்த கேம் எந்தெந்த பைல்களால் ஆனது, அதை உருவாக்கிய கம்பெனி மூடப்பட்டால் அது என்னவாகும் என்று நாம் யோசிப்பதில்லை. ஆனால் சில கேம்களுக்கு ரசிகர்களே அடுத்த வாழ்வு கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதில் ஒரு பகுதியைச் செய்வார்கள். இப்படி உருவாகும் கேம்கள் எப்படி வளர்கின்றன, "இவ்வளவு முடிந்துவிட்டது" என்று அவர்கள் வெளியிடும் அறிவிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் காணலாம். இறுதியில் நீங்களே ஒரு சிறு விண்வெளிச் சண்டையை அமைத்துப் பார்க்கும் பயிற்சியும் உண்டு.

நான் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் புரோகிராம் எழுதும் வேலையில் இருக்கிறேன். வீடு வட சென்னையில் காலடிப்பேட்டை. புரோகிராமிங் பற்றிப் பாடப் புத்தகங்கள் சொல்லாத பல விஷயங்களை ஒரு பழைய விண்வெளிப் போர் கேமின் சோர்ஸ் கோடைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்த கேமின் பெயர் பிரீஸ்பேஸ் 2.

பிரீஸ்பேஸ் 2: ஒரு சிறு வரலாறு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வொலிஷன் என்ற நிறுவனம் இதை உருவாக்கியது. இண்டர்ப்ளே வெளியிட்டது. முதல் பாகம் 1998இல் வந்தது. இரண்டாம் பாகம் 1999 செப்டம்பரில் 3 சிடிக்களில் வந்தது. அப்போது எனக்கு நடக்கத் தெரிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. போர் விமானம் போன்ற ஒரு சிறு விண்கலத்தை நாம் ஓட்ட வேண்டும். நம்மைச் சுற்றி நகரம் அளவுக்குப் பெரிய கப்பல்கள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டிருக்கும். எதிரி இனத்திற்கு ஷிவன்கள் என்று பெயர். அழிக்கும் கடவுளான சிவனின் பெயரிலிருந்து எடுத்தது. அவர்களுடைய கப்பல் வகைகளில் 'ராவணா', 'ராக்ஷசா' என்ற பெயர்களும் வரும். விளையாடும்போது நம்மவர்களுக்கு ஒரு சிரிப்பு வராமல் போகாது.

விமர்சகர்கள் பாராட்டினார்கள். விற்பனை சோபிக்கவில்லை. 2000இல் வொலிஷனை டி.எச்.க்யூ என்ற நிறுவனம் வாங்கியது. மூன்றாம் பாகம் வரவே இல்லை. கதை பாதியில் நின்றது.

இங்கேதான் திருப்பம். 2002 ஏப்ரலில் வொலிஷன் இந்த கேமின் சோர்ஸ் கோடை வெளியிட்டது. அதாவது, புரோகிராமர்கள் எழுதிய மூல வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம் என்று அனுமதித்தது. ஒரே நிபந்தனை, அதை வைத்துப் பணம் சம்பாதிக்கக் கூடாது. உடனே ரசிகர்கள் ஒன்று சேர்ந்து 'பிரீஸ்பேஸ் சோர்ஸ் கோட் புராஜெக்ட்' என்ற பெயரில் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கும் புரோகிராமின் பெயர் பிரீஸ்பேஸ் ஓப்பன்.

அதன்பின் கம்பெனிகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். டி.எச்.க்யூ 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அதன் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது பிரீஸ்பேஸின் உரிமையை இண்டர்ப்ளே 2013இல் வெறும் 7,500 டாலருக்கு வாங்கியது. வொலிஷன் வேறு கைகளுக்கு மாறி, 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. கேமை எழுதிய நிறுவனம் இன்று இல்லை. ஆனால் கேம் இருக்கிறது, புதிய விண்டோஸில் ஓடுகிறது, இன்னும் புதிய பதிப்புகள் வருகின்றன. 2002இல் அந்தக் கோட் வெளியே வராமல் போயிருந்தால், ஏலத்தில் விற்ற ஒரு பெயராக மட்டும் அது மிஞ்சியிருக்கும்.

என்ஜின் வேறு, டேட்டா வேறு

ரசிகர்களின் வேலையைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பெரிய கேமிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று என்ஜின். மற்றொன்று டேட்டா.

எங்கள் ஊர் காலடிப்பேட்டையே இதற்கு நல்ல உதாரணம். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய 'காலெட் பேட்டை'தான் பேச்சில் திரிந்து காலடிப்பேட்டை ஆயிற்று. நெசவில் தறி ஒன்றுதான். நூலையும் நிறத்தையும் கரையின் வடிவத்தையும் மாற்றினால் அதே தறியில் வேறு சேலை வரும். கேமில் என்ஜின் என்பது தறி. டேட்டா என்பது நூலும் வடிவமும்.

என்ஜின் செய்யும் வேலைகள்: திரையில் படம் வரைவது, கீபோர்டு, மவுஸ், ஜாய்ஸ்டிக் சொல்வதைக் கேட்பது, கப்பல்களை நகர்த்துவது, மோதலைக் கண்டுபிடிப்பது, ஒலி எழுப்புவது.

டேட்டாவில் இருப்பவை: கப்பலின் 3டி வடிவம், அதன் மேல் ஒட்டும் படங்கள், குரல்கள், இசை, ஒவ்வொரு மிஷனிலும் யார் எப்போது வருவார்கள் என்ற விவரம்.

வொலிஷன் இலவசமாகக் கொடுத்தது என்ஜினின் கோடை மட்டுமே. டேட்டா இன்றும் காப்புரிமைக்கு உட்பட்டது. ஆகவே பிரீஸ்பேஸ் 2ஐ விளையாட அசல் கேமை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும். ஆனால் ரசிகர்கள் முழு டேட்டாவையும் தாங்களே புதிதாக உருவாக்கினால், அசல் கேம் தேவைப்படாது. அதே தறி, முற்றிலும் புதிய சேலை. இதை டோட்டல் கன்வெர்ஷன் என்பார்கள். சில பகுதிகளை மட்டும் மாற்றினால் அது மாட்.

கன்டெய்னரும் உதிரிச் சரக்கும்

பிரீஸ்பேஸ் 2 இன்ஸ்டால் ஆன போல்டரைத் திறந்தால், வி.பி. என்ற எக்ஸ்டென்ஷன் கொண்ட சில பெரிய பைல்கள் தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கன்டெய்னருக்குள் நூற்றுக்கணக்கான பெட்டிகள் இருக்கும். எந்தப் பெட்டி எங்கே என்று ஒரு சரக்குப் பட்டியல் இருக்கும். வி.பி. பைலும் அப்படித்தான். உள்ளே ஏராளமான சிறு பைல்கள். கடைசியில் அவற்றின் பட்டியல். என்ஜின் அந்தப் பட்டியலைப் பார்த்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. டேட்டா என்ற போல்டரில் அதே பெயரில் ஒரு தனிப் பைல் இருந்தால், என்ஜின் கன்டெய்னருக்குள் போகாமல் அந்தத் தனிப் பைலையே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கப்பலின் வேகத்தை மாற்ற விரும்பும் ரசிகர் அசல் பைலைத் தொடவே வேண்டாம். தன் பைலைத் தனியாக வைத்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் அதை நீக்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

கப்பலின் வேகம், கவசத்தின் வலு, ஏவுகணையின் சக்தி போன்றவை டேபிள் எனப்படும் சாதாரண எழுத்துப் பைல்களில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்து படிக்கலாம். புரோகிராமிங் தெரியாதவர்களும் இந்த கேமில் கை வைக்க முடிந்ததற்கு இதுவே காரணம். தவிர, மிஷன்களை அமைக்கும் பிரெட் என்ற எடிட்டரை 1999இலேயே வொலிஷன் கேமுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டது. சோர்ஸ் கோட் வருவதற்கு முன்பே ரசிகர்கள் சொந்தமாக மிஷன்கள் செய்து பழகியிருந்தார்கள்.

ஒரு வினாடிக்குள் என்ன நடக்கிறது?

சாதாரண மானிட்டர் ஒன்று வினாடிக்கு 60 படங்களைக் காட்டும். அதாவது ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். இந்த நேரத்துக்குள் என்ஜின் வரிசையாகப் பின்வரும் வேலைகளை முடிக்க வேண்டும்.

1. நீங்கள் எந்தக் கீயை அழுத்தினீர்கள் என்று பார்ப்பது.
2. கம்ப்யூட்டர் ஓட்டும் ஒவ்வொரு கப்பலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது.
3. எல்லாவற்றையும் சிறிது தூரம் நகர்த்துவது.
4. எது எதன் மேல் மோதியது என்று சோதிப்பது.
5. மிஷனில் இப்போது ஏதாவது நிகழ வேண்டுமா என்று பார்ப்பது.
6. படத்தை வரைந்து, ஒலியை அனுப்புவது.

இதில் நான்காவது வேலையைச் சற்றுக் கவனியுங்கள். 30 கப்பல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுட்டதில் 10 குண்டுகள் பறந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 330 பொருட்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 330 × 329 ÷ 2, அதாவது 54,285 ஜோடிகள். பொருட்கள் இரு மடங்காகி 660 ஆனால் ஜோடிகள் இரு மடங்காகாது. 2,17,470 ஆகிவிடும், அதாவது நான்கு மடங்கு. பெரிய சண்டையில் கேம் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்காகவே ரசிகர்கள் பின்னாளில் ஒரு மாற்றம் செய்தார்கள். பொருட்களை முதலில் இருக்கும் இடத்தின்படி வரிசைப்படுத்தி, அருகருகே உள்ளவற்றை மட்டும் சோதிக்கும் முறையைச் சேர்த்தார்கள். திரையில் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாது. சண்டை தடங்கலின்றி ஓடும், அவ்வளவுதான். படத்தில் காட்ட முடியாத இப்படிப்பட்ட வேலைதான் பாதி முன்னேற்றம்.

ரசிகர்கள் செய்த வேலைகள்

முதல் வேலை உயிர் காப்பது. 1999இல் கேம் இரண்டு வழிகளில் படம் வரைந்தது. ஒன்று 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டுகளுக்கான கிளைட். மற்றொன்று அன்றைய டைரக்ட் 3டி. 3டிஎப்எக்ஸ் நிறுவனமே அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இல்லாமல் போயிற்று. ரசிகர்கள் பழைய வழிகளை நீக்கி, ஓப்பன் ஜி.எல். முறைக்கு மாற்றினார்கள். இதனால் விண்டோஸுடன் லினக்ஸிலும் மேக்கிலும் கேம் ஓடத் தொடங்கியது.

இரண்டாவது வேலை எல்லைகளை உயர்த்துவது. பழைய கம்ப்யூட்டர்களில் மெமரி குறைவு என்பதால் இத்தனை கப்பல், இத்தனை ஆயுதம் என்று என்ஜினுக்குள் உச்ச வரம்புகள் இருந்தன. அவை படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. நிழல், ஒளிச் சிதறல், மேற்பரப்பின் மேடு பள்ளம் போன்ற புதிய காட்சி வசதிகள் வந்தன. லூவா என்ற எளிய மொழியில் ஸ்கிரிப்ட் எழுதும் வசதியும் சேர்ந்தது. தொடக்கத்தில் 3.6, 3.7 என்று எண்ணிட்ட பதிப்புகள் 2019 முதல் ஆண்டை ஒட்டி 19.0 என்று மாறின.

மூன்றாவது வேலைதான் மிகக் கடினமானது. பழையதை உடைக்காமல் இருப்பது. 1999இல் செய்த மிஷன் இன்றைய பதிப்பிலும் அன்று ஓடியபடியே ஓட வேண்டும் என்பது இந்தக் குழுவின் கொள்கை. இது எவ்வளவு சிக்கல் என்று ஓர் உதாரணத்தில் பாருங்கள். எதிரி விமானி சில சமயம் முட்டாள்தனமாக நடந்துகொள்கிறான். கோடைப் பார்த்தால் அங்கே ஒரு பிழை இருக்கிறது. திருத்திவிடலாம். திருத்தினால் என்ன ஆகும்? எதிரி கெட்டிக்காரனாகிவிடுவான். அசல் கேமில் அளவாக இருந்த மிஷன் இப்போது ஜெயிக்க முடியாததாகிவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி ஏ.ஐ. புரொபைல் என்ற டேபிள். திருத்தம் என்ஜினில் இருக்கும், ஆனால் சுவிட்ச் போட்டால்தான் வேலை செய்யும். பழைய மிஷன்களுக்குச் சுவிட்ச் அணைந்திருக்கும். புதிதாகச் செய்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். பிழையைத் திருத்துவது ஒரு திறமை. அந்தப் பிழையை நம்பி ஏற்கெனவே கட்டப்பட்டவை இடியாமல் திருத்துவது அதைவிடப் பெரிய திறமை. என் அலுவலக வேலையில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் பாடம் இது.

காசிமேட்டில் பழைய விசைப்படகுகளைப் பார்த்தால் இதே கதைதான். இந்த வருடம் பலகை மாற்றுவார்கள். அடுத்த வருடம் என்ஜின் மாற்றுவார்கள். பெயின்ட் புதிது, வலை புதிது. ஆனால் நடுநடுவே படகு கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்துகொண்டே இருக்கும்.

முடிந்தவையும் நின்றவையும்

இந்த என்ஜினை வைத்து மற்ற ரசிகர் குழுக்கள் தொடங்கிய முயற்சிகளில் மூன்றை மட்டும் பார்க்கலாம்.

விங் கமாண்டர் சாகா: 1990இல் தொடங்கிய விங் கமாண்டர் என்ற புகழ்பெற்ற விண்வெளி கேம் வரிசையின் ரசிகர்கள் உருவாக்கியது. அதன் 1994ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பாகத்தின் காலத்தில் கதை நடக்கிறது. சுமார் பத்து ஆண்டு உழைப்புக்குப் பின் 2012 மார்ச் 22 அன்று இலவசமாக வெளிவந்தது. 50க்கும் மேற்பட்ட மிஷன்கள், குரல் நடிப்புடன். இவர்கள் பத்து ஆண்டும் மூடிய அறைக்குள் இருந்துவிடவில்லை. 2006இலேயே முன்கதை ஒன்றைத் தனியாக வெளியிட்டார்கள். ரசிகர்கள் அதை விளையாடிக் குறைகளைச் சொன்னார்கள்.

பியாண்ட் த ரெட் லைன்: பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்துத் தொடங்கியது. 2007இல் ஒரு டெமோ வந்தது. நல்ல வரவேற்பு. ஆனால் குழு பிளவுபட்டது. முழு கேம் வரவில்லை.

டயஸ்போரா: அந்தக் குழுவிலிருந்து பிரிந்தவர்கள் அதே தொடரை வைத்து மீண்டும் தொடங்கியது. முழுத் தொடரையும் ஒரே கேமில் அடைக்க முயலாமல், ஒரு சிறு கதையை எடுத்துக்கொண்டு, 2012இல் அதை முடித்து வெளியிட்டார்கள். இதற்கு அசல் பிரீஸ்பேஸ் 2 தேவையில்லை.

மூன்றுக்கும் தறி ஒன்றே. திறமையிலும் யாரும் குறைந்தவர்கள் அல்ல. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. விளையாடக்கூடிய சிறு பகுதியை முதலில் முடித்துக் கையில் கொடுத்தவர்கள் கரை சேர்ந்தார்கள்.

முன்னேற்ற அறிவிப்பைப் படிப்பது எப்படி?

எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனுக்கு அவனுடைய அப்பா மாதத் தவணையில் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணா, ஒரு ஸ்பேஸ் கேம் ரசிகர்களே பண்றாங்களாம். 90 பர்சன்ட் முடிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்காங்க. அதுக்கு இப்பவே ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிடலாமா? அப்பா யோசிக்கிறாரு."

"அதுல எத்தனை மிஷன் தம்பி இன்னிக்கு விளையாட முடியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணா. படம்தான் போட்டிருக்காங்க."

"அப்ப கார்டு வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. கேம் வரட்டும், அதுக்கு அப்புறம் பார்க்கலாம்."

90 சதவீதம் என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. கப்பல் மாடல்களில் 90 சதவீதம் முடிந்திருக்கும். ஆனால் மாடல் வேறு, கேம் வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மிஷன்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பிரீஸ்பேஸில் எளிது முதல் மிகக் கடினம் வரை 5 நிலைகள் உண்டு. எல்லா நிலையிலும் எல்லா மிஷனையும் ஒரு முறை விளையாடிச் சோதிக்க 30 × 20 × 5, அதாவது 3,000 நிமிடம். சரியாக 50 மணி நேரம். வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்கும் ஒருவருக்கு 10 வாரம். நடுவில் ஒரு ஆயுதத்தின் சக்தியை மாற்றினால் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். மாடல் எல்லாம் முடிந்த பிறகுதான் இந்த வேலை தொடங்குகிறது.

ஆகவே எந்த ரசிகர் கேமின் அறிவிப்பைப் படித்தாலும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. இன்று விளையாட என்ன கிடைக்கிறது? ஒரே ஒரு மிஷன் கொண்ட டெமோ இருந்தாலும் நல்ல அறிகுறி. படங்கள் மட்டும் என்றால் காத்திருங்கள்.

2. சேஞ்ச்லாக் இருக்கிறதா? எந்தத் தேதியில் என்ன மாற்றினார்கள் என்ற பட்டியல் இது. "கப்பல் சுவருக்குள் மாட்டிக்கொள்ளும் பிழை சரி செய்யப்பட்டது" போன்ற சாதாரண வரிகள் நிறைய இருந்தால், கேமை உண்மையிலேயே யாரோ ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

3. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? எல்லா மாற்றமும் ஒரே பெயரில் இருந்தால், அவருக்குத் திருமணமோ புது வேலையோ வந்ததும் கேம் நிற்கக்கூடும்.

4. பதிப்பு எந்த வகை? நைட்லி பில்ட் என்றால் அன்றைய மாற்றங்களுடன் தானாக உருவான பதிப்பு, பிழைகள் இருக்கும். ரிலீஸ் கேண்டிடேட் என்றால் வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகக் கொடுப்பது. புதியவர்கள் ஸ்டேபிள் என்று குறிப்பிட்ட பதிப்பையே எடுக்க வேண்டும்.

5. திட்டத்தின் அளவு என்ன? "முழுப் பிரபஞ்சம், 200 கப்பல், ஆன்லைன் போர்" என்று தொடங்குபவர்களைவிட, "5 மிஷன், ஒரு கதை" என்று தொடங்குபவர்களை நம்பலாம்.

6. பணம் கேட்கிறார்களா? இது முக்கியம். பிரீஸ்பேஸ் கோடை வைத்து விற்பனை செய்ய உரிமமே இடம் தராது. விங் கமாண்டர், கேலக்டிகா போன்ற பெயர்களின் உரிமையும் கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. எனவே இத்தகைய கேமுக்கு "முன்பதிவுப் பணம்" என்று யாராவது கேட்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க

படி 1: முதலில் இடம், டேட்டா இரண்டையும் கவனியுங்கள். அசல் கேம் 3 சிடி அளவுதான். ஆனால் ரசிகர்கள் செய்த உயர்தரப் படங்களின் தொகுப்பான மீடியா வி.பி. பல ஜிபி வரும். மொபைல் டேட்டாவை வைத்து இறக்க முயல வேண்டாம். முதலில் அது இல்லாமலே விளையாடலாம்.

படி 2: பிரீஸ்பேஸ் 2 அசல் கேமை ஜி.ஓ.ஜி. அல்லது ஸ்டீம் கடையில் வாங்குங்கள். அவ்வப்போது தள்ளுபடியில் வரும். கண்ட தளங்களில் "இலவச முழு வெர்ஷன்" என்று கிடைப்பதை இறக்காதீர்கள். கேமுடன் வைரஸும் வரும். புதுக் கம்ப்யூட்டரில் அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

படி 3: நாசோஸ் என்ற லாஞ்சர் புரோகிராமை, ரசிகர் குழுவின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். முதல் முறை திறக்கும்போது கேம்களை வைக்க ஒரு போல்டரைக் கேட்கும். சி டிரைவில் இடம் குறைவாக இருந்தால் வேறு டிரைவில் ஒரு போல்டரைக் காட்டுங்கள்.

படி 4: லாஞ்சரில் பிரீஸ்பேஸ் 2ஐத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் வாங்கிய அசல் கேம் எங்கே உள்ளது என்று கேட்கும். அதைக் காட்டினால் தேவையான வி.பி. பைல்களை எடுத்துக்கொண்டு, புதிய என்ஜினையும் தானே இறக்கிக்கொள்ளும்.

படி 5: ஜாய்ஸ்டிக் இல்லாவிட்டாலும் மவுஸால் ஓட்டலாம். தொடக்கத்தில் மூன்று கீ போதும். எச் அழுத்தினால் அருகிலுள்ள எதிரியைக் குறிவைக்கும். எம் அழுத்தினால் அவனுடைய வேகத்துக்கு நம் வேகம் மாறும். டேப் அழுத்திப் பிடித்தால் கூடுதல் வேகம் கிடைக்கும். முதல் சில மிஷன்கள் பயிற்சிக்கானவை. தாண்டிச் செல்லாமல் விளையாடுங்கள்.

பணம் செலவழிக்க விருப்பம் இல்லையா? டயஸ்போரா இலவசம். இன்னும் எளிதானது வேண்டும் என்றால் ஊலைட் என்ற கேமைப் பாருங்கள். 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் எழுதிய எலைட் என்ற விண்வெளி வணிக கேமைத் தழுவி ரசிகர்கள் உருவாக்கியது. சோர்ஸ் கோடுடன் முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பயிற்சி: உங்கள் முதல் மிஷன்

பிரீஸ்பேஸ் 2 ஓடத் தொடங்கியதும், அதனுடன் வரும் பிரெட் எடிட்டரைத் திறங்கள். கட்டம் போட்ட ஒரு வெளி தெரியும். நடுவில் ஆல்பா 1 என்று ஒரு கலம் இருக்கும். அதுதான் நீங்கள்.

1. மேலே உள்ள பட்டியலில் ஷிவன்களின் போர்க்கலமான மாரா என்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு கட்டத்தில் சற்றுத் தொலைவில் கிளிக் செய்யுங்கள். எதிரி வந்துவிட்டான்.

2. எடிட்டர்ஸ் மெனுவில் ஷிப்ஸ் என்பதைத் திறங்கள். டீம் என்ற இடத்தில் ஹோஸ்டைல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள்.

3. அதே விண்டோவில் இனிஷியல் ஆர்டர்ஸ் பட்டனை அழுத்தி, கண்ணில் படும் கப்பலைத் தாக்கும் ஆர்டரைக் கொடுங்கள். இது இல்லாவிட்டால் அவன் சும்மா மிதந்துகொண்டிருப்பான்.

4. அரைவல் பகுதியில் தாமதம் 30 வினாடி என்று கொடுங்கள். மிஷன் தொடங்கி அரை நிமிடம் கழித்து அவன் வருவான்.

5. பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து, டேட்டா போல்டருக்குள் உள்ள மிஷன்ஸ் போல்டரில் சேவ் செய்யுங்கள். கேமில் டெக் ரூம் சென்று, மிஷன் சிமுலேட்டரில் உங்கள் மிஷனைத் தேர்ந்தெடுத்து விளையாடுங்கள்.

விளையாடி முடித்ததும் தாமதத்தை 5 வினாடியாக மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு மாராவுக்குப் பதில் மூன்று வையுங்கள். எந்த இடத்தில் சண்டை விறுவிறுப்பாகிறது, எந்த இடத்தில் ஜெயிக்கவே முடியாமல் போகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் அந்தக் குறிப்புதான் உங்கள் முதல் சேஞ்ச்லாக்.

அடுத்த வாரம் அந்த மிஷனை நண்பர் ஒருவரிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். அவர் விளையாடும்போது பக்கத்தில் அமர்ந்து எதுவும் சொல்லாமல் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். இரண்டாவது மிஷனை அதன் பிறகு தொடங்கினால் போதும்.